அங்குலமும் சென்டும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் இருவகை அளவு மாற்றங்கள் நடக்கின்றன. உதிரிபாகப் பட்டறைக்கு வரும் அமெரிக்க டிராயிங்கின் அங்குலம் மில்லிமீட்டர் ஆகிறது. அந்தப் பட்டறை நிற்கும் நிலத்தின் பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள ஏக்கரும் சென்டும் பட்டாவில் ஹெக்டேரும் ஏருமாகின்றன. முன்னது மைக்ரோமீட்டரை நம்புவது. பின்னது எல்லைக்கல்லை நம்புவது. இவற்றை ஒப்பிட முடியுமா?

முடியும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1959இல் கஜம் 0.9144 மீட்டர் என வரையறுக்கப்பட்டதிலிருந்து அங்குலம் துல்லியமாக 25.4 மில்லிமீட்டர், 4,840 சதுர கஜமான ஏக்கர் 0.40468564224 ஹெக்டேர். வரையறுத்த எண்களில் பிழைக்கு இடமில்லை. பிழை நுழைவதெல்லாம் விடையில் எத்தனை இலக்கங்களை வைப்பது என்ற முடிவில்தான்.

இங்கே பட்டறையும் நில அளவையும் எதிரெதிர்க் குழிகளில் விழுகின்றன. 2.500 அங்குலத்தைப் பெருக்கினால் கால்குலேட்டர் 63.5 என்று நிறுத்திவிடும். நான்கு பொருளுடை இலக்கங்களைக் காக்க 63.50 என்றே எழுத வேண்டும். ஒரு ஏக்கரை மாற்றினாலோ அதே கருவி, சங்கிலி பிடித்து அளந்தவர் அறிந்திராத இலக்கங்களை எல்லாம் வாரி வழங்கும். பட்டறை இழந்ததை மீட்க வேண்டும். நில அளவை மிகையை வெட்ட வேண்டும்.

வெட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. 2.500 அங்குலத்துக்கு டாலரன்ஸ் ±0.005 என்றால் எல்லைகள் 63.373, 63.627 மி.மீ. வழக்கம்போல் முழுமையாக்கினால் 63.37, 63.63 ஆகி, நிராகரிக்க வேண்டிய பாகமும் தேறிவிடும். ஆகவே உள்நோக்கி, 63.38, 63.62 என்று சுருக்குவதே பாதுகாப்பு. நிலத்துக்கு ‘உள்நோக்கி’ என்ற திசையே கிடையாது. ஒருவர் பங்கில் சுருக்கியது அடுத்தவர் பங்கில் கூடும், அல்லது கணக்கிலிருந்தே மறையும்.

மறைவதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஏர் என்பது ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு; அரை ஏர் படியில் முழுமையாக்கினால் ஒரு ஏக்கர் 40.5 ஏர். அதை மூன்று சகோதரர்கள் சமமாகப் பிரித்தால் பங்கு 13.49 ஏர்; முழுமையாக்கிய 13.5ஐ மூன்று முறை கூட்டினால் 40.5 சரியாக வரும். இருவர் பிரித்தால் பங்கு 20.23, அது 20.0 ஆகி, மொத்தம் 40.0. அரை ஏர், அதாவது 50 சதுர மீட்டர், ஒரு சென்டுக்கும் மேல், காகிதத்தில் காணாமற்போகிறது.

பட்டறைக்கும் இந்த நோய் உண்டு. துளைகளுக்கிடையே 0.125 அங்குலம் என்றால் 3.175 மி.மீ. சரிபாதியில் வரும் 5ஐ இரட்டை இலக்கம் நோக்கி முழுமையாக்கச் சொல்லும் ஐ.எஸ். 2 இந்தியத் தர விதிப்படி அது 3.18. பத்து இடைவெளிகளுக்குப் பின் 0.05 மி.மீ. விலகல். இரு துறைக்கும் மருந்து ஒன்றே: மூல அளவிலேயே கணக்கை நடத்தி, கடைசியில் ஒருமுறை மட்டும் முழுமையாக்குவது. துளைகளை ஒரே ஆதாரப் பக்கத்திலிருந்து அளப்பதும், உட்பிரிவுகளைத் தாய் சர்வே எண்ணின் பரப்போடு சரிபார்ப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு வடிவங்கள்.

நுட்பத்தில் கடைசல் எந்திரம்தான் வெகுதூரம் முன்னே என்று தோன்றும். ±0.005 என்பது 2.5 அங்குலத்தில் ±0.2 சதவீதம். அரை ஏர் படி ஒரு ஏக்கரில் தரும் ஐயம் ±0.6 சதவீதம்; மூன்று மடங்குதான். அதே டாலரன்ஸ் அரை அங்குலத் தண்டுக்கு என்றால் ±1 சதவீதம்; அங்கே நிலக் கணக்கே முந்துகிறது!

மாற்றிய எண்ணுக்கு மேலான ஒன்றையும் இரண்டும் வைத்திருக்கின்றன. பட்டறைக்கு மூல டிராயிங்கின் அங்குல எல்லை, பத்திரத்துக்கு நான்கெல்லை. பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே நிற்கும் என்பது நீதிமன்ற வழக்கம்.

ஆனால் தவறு வெளிப்படும் காலம் வேறு. பட்டறையின் பிழையைத் தரச் சோதனை அன்றைக்கே காட்டிவிடும். பட்டாவின் பிழை, நிலத்தை விற்கும்போதோ சிப்காட் கையகப்படுத்தும்போதோ, ஒரு தலைமுறை கழித்துத்தான் தெரியும். ஆகவே பரப்பில் தாராளமாக இருக்கும் நிலக் கணக்குக்குத்தான் கூட்டலில் அதிகக் கறார் தேவை.