கீரைச் சத்தும் போலிச் சாவியும்

பீன்யா தொழிற்பேட்டையில் கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் இருப்பதை நம் சங்கத்தார் பலரும் அறிவர். 1981-இல் தொடங்கியது. தெரிந்த மருந்தைத் தரம் கெடாமல் தயாரிப்பது ஒரு தொழில். இதுவரை இல்லாத மருந்தைக் கண்டுபிடிப்பது வேறு தொழில். நாம் இரண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பின்னது எப்படி நடக்கிறது என்பதற்குச் சென்னையில் படித்த ஒருவரின் வரலாறே போதும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் மேலங்கி போட்டதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயில் இறந்தனர். அந்த நோயில் தின்றது உடம்பில் ஒட்டாது, இரத்தம் வெளுத்துப்போகும். 1923-இல் அமெரிக்கா போனவர் திரும்பி வரவேயில்லை.

இரத்தச் சோகைக்கான மருந்து தேடல் நம் நாட்டிலேயே தொடங்கியது. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணமானதை லூசி வில்ஸ் 1931-இல் எழுதினார். சாற்றுக்குள் இருந்த பொருள் எது? 1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக்கீரையிலிருந்து துளியளவு பிரித்து, இலை என்று பொருள்பட ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டார்கள். 1945-இல் லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவ் குழுவினர் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டனர். ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று. எல்லாம் நம்ம மூலிகையிலேயே இருக்குன்னு சொல்லுவோர் இதைக் கவனிக்க வேண்டும். கீரையில் இருந்தது உண்மைதான். பிரித்து, உருவம் கண்டு, அளவு வைத்த பிறகே அது மருந்து.

கதையின் சுவையான பகுதி இனிமேல்தான். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் எடுத்தது! அப்படின்னா இந்தச் சத்தைத் தடுத்தால் நோய் அடங்குமா? லெடர்லியில் அந்த மூலக்கூறின் ஓரிடத்தில் ஆக்சிஜனை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தார்கள். அமினாப்டெரின் பிறந்தது. செல் பெருக ஃபோலிக் அமிலத்தைப் பக்குவப்படுத்தும் நொதி ஒன்று உண்டு. அதைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், இது போலிச் சாவி. துவாரத்தில் நுழையும், திரும்பாது, லேசில் கழன்றும் வராது. அசல் சாவிக்கு வழியில்லை. பூட்டின் விவரம் பின்னாளில்தான் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

1948-இல் ஃபார்பர் எழுதினார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான், நோய் மீண்டது. ஆனாலும் அதுவரை கைவிரித்த நோய் அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார்.

அமினாப்டெரினில் ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டினால் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கு மட்டுமல்ல, முடக்குவாதத்துக்கும் குறைந்த அளவில் தருகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சாப்பிடுகிறார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டுமே; தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவு குறைய வேறொரு நாளில் மருத்துவர் எழுதித் தரும் சின்ன மாத்திரையைப் பாருங்கள், அதே ஃபோலிக் அமிலம்தான்.