கயிற்றசைவும் கட்டளைச்சொல்லும்: தொலைவிலிருந்து மின்வழங்கியை இயக்கும் மொழியின் வரலாறு

முன்னுரை

திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்துள்ள ஆலந்தலை, முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர் ஊர்களுள் ஒன்றாகும். தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளோடு அத்தொழிலின் நெடிய வரலாறு ஓய்ந்தது. கல்லின் துணையுடன் கடலடி சேர்ந்தவர், மூச்சு முடியும் வேளையில் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் இழுப்பார். மைத்துனரே கயிறு பிடிப்பார் என்னும் வழக்கு இக்கடற்கரையில் இன்றும் பேசப்படுகிறது. கண்ணுக்கெட்டாத இடத்துக்குச் செய்தி அனுப்பும் எம்முறைக்கும் மூன்று கூறுகள் இன்றியமையாதவை: இருதரப்பும் ஏற்ற குறி, அதனைப் பெறுபவர் இன்னார் என்னும் தெளிவு, செயல் நிகழ்ந்தது என்னும் மறுமொழி. ஆய்வக மேசை மின்வழங்கியைக் கணினியால் இயக்கும் கட்டளைமொழி இம்மூன்றையும் எவ்வாறு பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுவழியும் பொதுமொழியும்

அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1960களின் இறுதியில் தன் அளவைக் கருவிகளை இணைப்பதற்கு ஒரு பொதுவழியை உருவாக்கியது. அது 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் தரமாயிற்று. ஒரே இணைப்பில் 15 கருவிகள் வரையிலும், மொத்தம் 20 மீட்டர் வடம் வரையிலும் அத்தரம் இடமளித்தது. ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் இருந்தது. தரவு சேர்ந்ததை உறுதிசெய்ய மூன்று தனிக்கம்பிகள் இருந்தன. கேட்கும் கருவிகளுள் மிக மெதுவானது ஏற்கும்வரை அனுப்பும் கருவி காத்திருந்தது.

எனினும் வழி பொதுவானதே ஒழிய மொழி பொதுவாகவில்லை. மின்னழுத்தத்தை அமைக்கும் சொல் நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் கருவிக்குக் கருவி வேறுபட்டது. ஹியூலெட்-பேக்கார்டின் பழைய மின்வழங்கிகள் 'விசெட்', 'ஐசெட்' போன்ற சொற்களை ஏற்றன. கருவி மாறினால் ஆய்வாளர் தம் நிரலையும் மாற்றி எழுத நேர்ந்தது.

1987இல் வந்த ஐ.இ.இ.இ. 488.2 தரம் செய்தியின் வடிவத்தையும், எல்லாக் கருவிகளுக்கும் உரிய பொதுக்கட்டளைகளையும் வரையறுத்தது. நீ யார் என வினவுதல், தொடக்கநிலைக்குத் திரும்பச் சொல்லுதல், பணி முடிந்ததா எனக் கேட்டல் ஆகியன அவற்றுள் அடங்கும். இவை உடுக்குறியுடன் தொடங்கின. வினாக்கள் வினாக்குறியுடன் முடிந்தன.

1990இல் பல நிறுவனங்கள் கூடி எஸ்.சி.பி.ஐ. என்னும் கட்டளைத் தொகுப்பை வெளியிட்டன. கருவியின் பெயரை விடுத்து அது செய்யும் செயலை அடிப்படையாகக் கொண்டு சொற்களை வகுத்ததே இதன் முதன்மைச் சிறப்பு. 'வோல்டேஜ்' என முழுமையாகவும் 'வோல்ட்' எனக் குறுக்கியும் எழுதலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம் ஏற்கப்படாது. பழைய நிரல்களும் உடனே கைவிடப்படவில்லை. ஹியூலெட்-பேக்கார்டு 6632பி மின்வழங்கி புதிய மொழியோடு பழைய சொற்களையும் ஏற்கும் இணக்கநிலை ஒன்றைக் கொண்டிருந்தது.

ஆணையும் அளவீடும்

இம்மொழியில் அமைத்த மதிப்பைக் கேட்கும் வினாவும், வெளிமுனையில் உள்ளபடி அளக்கச் சொல்லும் வினாவும் வேறுவேறானவை. 5 வோல்ட் அமைத்தபின் 'வோல்ட்?' என வினவினால் 5 என்றே விடை வரும். மின்னோட்டம் அதன் வரம்பை எட்டியிருந்தால் மின்வழங்கி மாறா மின்னோட்ட நிலைக்குச் சென்றிருக்கும். உண்மை மின்னழுத்தம் 5 வோல்ட்டினும் தாழ்ந்திருக்கும். 'மெஷர்' என்னும் கட்டளையே அதனை வெளிப்படுத்தும். முதல் வினாவின் விடையை அளவீடாகப் பதிந்த ஆய்வேடு, தான் இட்ட ஆணையையே சான்றாகக் காட்டும் பிழைக்கு ஆளாகிறது.

இது தூத்துக்குடிக்கு அயலான சிக்கலன்று. காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மைய மின்வேதியியல் ஆய்வகத்தின் கடல்சார் மையம் இந்நகரில் உள்ளது. கடல்நீரில் எஃகு அரிப்பதைத் தடுக்கும் முறைகளுள், வெளியிலிருந்து நேர்த்திசை மின்னோட்டம் செலுத்தும் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பும் ஒன்று. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்புமின்வாயை நோக்க −0.80 வோல்ட் என்பது எஃகுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு அளவாகும். கடல்நீரின் தன்மை, எஃகுப் பரப்பின் நிலை ஆகியவை மாறுந்தோறும் தேவைப்படும் மின்னோட்டமும் மாறும். நாள்கணக்கில் ஆளின்றி நிகழும் இத்தகைய ஆய்வுகளில் அமைத்த மதிப்பை மட்டும் நம்பினால், பாதுகாப்பின்றி அரிக்கும் எஃகும் பாதுகாக்கப்பட்டதாகவே பதிவாகக்கூடும்.

நிறைவுரை

1975இன் தரம் முகவரியையும் தரவு சேர்ந்தமைக்கான உறுதியையும், 1987இன் தரம் செய்தி வடிவத்தையும், 1990இன் தொகுப்பு செயல்வழிச் சொற்களையும் தந்தன. பின்னர் அத்தொகுப்பு ஐ.வி.ஐ. அமைப்பின் பொறுப்பில் சேர்ந்தது, யு.எஸ்.பி., ஈதர்நெட் எனச் செல்லும் வழி மாறியபின்னும் சொற்கள் நிலைத்தன. ஆயினும் மறுமொழியைக் கேட்கும் பொறுப்பை எத்தரமும் ஆய்வாளரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. கயிற்றின் மறுமுனையில் நிகழ்வதை உணர்ந்தறிந்தே படகிலிருந்தவர் செயற்பட்டார். கட்டளைமொழியைக் கற்பிக்கும் ஆய்வகங்கள் ஆணையிடுவதற்கு இணையாக அளந்து கேட்பதையும் பாடமாக்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.