ஐபி டிப்ளமோ

ஐபி டிப்ளமோ என்பது இந்தியாவின் 11, 12ஆம் வகுப்புகளுக்கு இணையான இரண்டாண்டுப் பன்னாட்டுப் படிப்பு. இதை நடத்தும் இன்டர்நேஷனல் பாக்கலோரியா அமைப்பு 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பட்டது. பெற்றோரின் வேலை காரணமாக நாடு விட்டு நாடு மாறும் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் காட்டக்கூடிய ஒரு சான்றிதழ் அப்போது தேவைப்பட்டது. இந்தியாவில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976இலேயே இதைத் தொடங்கிவிட்டது.

அமைப்பின் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், இங்கிலாந்துப் பிள்ளைகள் பதினாறு வயதிலேயே இரண்டு மூன்று பாடங்களுக்குள் சுருங்கிவிடுவதைக் கண்டித்து வந்தவர். கேம்பிரிட்ஜ் வாரியத்தின் மேல்நிலைப் படிப்பான ஏ லெவலில் இன்றும் பெரும்பாலும் மூன்று பாடங்கள்தான். விரும்பியதை ஆழமாகப் படிக்கலாம். ஐபியில் ஆறு பாடங்கள். இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல் பாடம், ஓர் அறிவியல், கணிதம் ஆகிய ஐந்தும் கட்டாயம். ஆறாவதாகக் கலைப் பாடமோ, முந்தைய பிரிவுகளிலிருந்து இன்னொரு பாடமோ எடுக்கலாம். வழக்கமாக மூன்று பாடங்கள் உயர்நிலையிலும் மூன்று பொதுநிலையிலும் அமையும். பாடத்துக்கு 7 புள்ளிகள் வீதம் 42; மீதி 3 புள்ளிகள் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து. ஆக மொத்தம் 45. டிப்ளமோ பெறக் குறைந்தது 24 வேண்டும்.

4,000 சொற்கள் வரை போகும் அந்த ஆய்வுக் கட்டுரைதான் இந்தப் படிப்பின் உயிர். ஊர் ஏரியின் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் கோடையில் எப்படி மாறுகிறது என்பது போன்ற ஒரு கேள்வியை மாணவரே தேர்ந்தெடுத்து, தரவு திரட்டி, மேற்கோள்களோடு எழுத வேண்டும். மூன்று புள்ளிகளுக்குத்தானே என்று விட்டுவிட முடியாது. இதில் கடைசித் தரமான ‘இ’ கிடைத்தால், மற்ற பாடங்களில் எவ்வளவு எடுத்திருந்தாலும் டிப்ளமோ கிடையாது. கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. கொடுத்ததைப் படித்துத் தேர்வில் தன்னைக் காட்டும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டும் பாரமாகிவிடும். அது அந்தப் பிள்ளையின் குறையல்ல.

பள்ளியைத் தேடும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது, பிள்ளை பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கே படிக்கப் போகிறது என்பது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஐபி டிப்ளமோவைப் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. ஆனால் பாடச் சேர்க்கையில் சிக்கல் வரும். பொறியியலுக்கு வேண்டிய இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் ஆறு பாடங்களுக்குள் அடங்கிவிடும். மருத்துவத்துக்கு வேண்டிய இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் வழக்கமான சேர்க்கையில் எடுக்க வழியில்லை. சேரவிருக்கும் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்கிறது என்று காட்டி, பள்ளி வழியாக முன்கூட்டியே சிறப்பு அனுமதி பெற வேண்டும். 11ஆம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். நீட், ஜேஇஇ தேர்வுகளுக்கு என்சிஇஆர்டி பாடநூல்களையும் தனியாகப் படித்தாக வேண்டும்.

காலக் கணக்கிலும் ஓர் இடைவெளி உண்டு. மே மாதத் தேர்வுக்கான முடிவுகள் ஜூலைத் தொடக்கத்தில்தான் வரும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்கள் வழக்கமாக மே மாதமே வந்துவிடும். எனவே ஜூலைக்கு முன் சேர்க்கையை முடிக்கும் கல்லூரி, பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்ணை ஏற்குமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.