குருதி தரும் சான்று

1936 இல் ஜேர்மனியிற் பூச்சிகொல்லி தேடிய கெர்காட் சிறாடர் கண்டது, மனிதரையும் கொல்லும் தபூன் என்னும் நஞ்சு. அதே ஆய்வுவழியிற் பிறந்த பரத்தியன், இரண்டாம் உலகப்போரின் பின் வயல்களை அடைந்தது. இச்சேதனப் பொசுபேற்றுகள், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் கோலினெசுத்தரேசு என்னும் நொதியத்தை முடக்குவன. குருதியிலும் அந்நொதியம் உண்டாதலின், அதன் வீழ்ச்சி நஞ்சேற்றத்தின் சான்றாயிற்று. 1961 இல் எல்மனும் உடன் ஆய்வாளரும் அதனை மஞ்சள் நிறமாற்றத்தால் அளக்கும் எளிய முறையை வகுத்தனர்.

எனினும் இயல்பளவு ஆளுக்காள் வேறுபடும். மருந்து தெளிக்குமுன் எடுத்த அளவின்றேல், தொழிலாளி இழந்ததை நிறுவுதல் அரிது. எனவே கலிபோர்னியா 1974 இல் முன்னளவையும் தொடர்சோதனையையும் விதியாக்கியது. இலங்கையோ 1984 இற் பரத்தியனையே தடைசெய்தது. சட்டத்தின் துணையின்றி அளவுகோல் மட்டும் உழைப்பவரைக் காவாது என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.