சைனா வண்டி என்று நான் சொன்னது



கலிபோர்னியாவில் மகள் வீட்டில் பொழுது எப்படிப் போகிறது சார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாதிப் பொழுது கார் ஷெட்டில், ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து போகிறது. அந்த வண்டியைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்குப் போன வருடம் வேலை போயிற்று. ஆசையாக வைத்திருந்த பெரிய பைக்கை விற்றுவிட்டார். மறுபடி வேலை கிடைத்ததும் அவர் வாங்கியது சீனாவில் செய்த ஒரு 250 சிசி வண்டி. அதுவும் பழசு, 1,100 டாலர். தார் ரோட்டிலும் போகலாம், மலையில் மண் பாதையிலும் ஏறலாம். டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். இதே ரகத்தில் ஜப்பான் வண்டி புதிதாக வாங்கினால் 5,000 டாலர் ஆகும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சைனா காப்பியா மாப்பிள்ளை? தீபாவளி வரைக்குமாவது தாங்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தியவன், ஒரு பொருளின் வரலாறு தெரியாமல் பேசிவிட்டேன். அந்த உறுத்தலில் படிக்கத் தொடங்கினேன்.

இந்த இன்ஜினுக்குத் தாத்தா ஒருவர் உண்டு: ஹோண்டா சிஜி 125. ஹோண்டா அதற்கு முன் விற்ற 125 சிசி வண்டிகள் ஜப்பானில் ஒழுங்காக ஓடின. வளரும் நாடுகளில் படுத்துக்கொண்டன. காரணம் நமக்குத் தெரியாததா? மூன்று பேர் உட்காருவோம், மேலே ஒரு மூட்டை வைப்போம், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோம். அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் தலையில் இருந்தது. அதைச் சுழற்ற ஒரு செயின். ஆயில் மேலே ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். ஆயில் கெட்டால் முதலில் அடிவாங்குவது அந்த இடம்தான். "டைமிங் செயின் சத்தம் சார்" என்று நம்மூர் மெக்கானிக் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஹோண்டாவின் பொறியாளர்கள் அந்த நாடுகளுக்கே போய், ஜனங்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஜனங்களைத் திருத்த முடியாது, இன்ஜினைத் திருத்தலாம் என்று முடிவு செய்தார்கள் போலும். கேம் ஷாஃப்டைக் கீழே இறக்கிப் பல்சக்கரத்தால் சுழல வைத்தார்கள். அங்கிருந்து இரண்டு கம்பிகள் மேலே போய் வால்வுகளைத் திறக்கும். புஷ்ராட் என்பது அதுதான். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். டைமிங் செயினே கிடையாது. ஆயிலுக்குக் காகித ஃபில்டர் கிடையாது. கழுவிப் போடும் சல்லடையும், சுழற்சியிலேயே அழுக்கை ஓரம்கட்டும் ஒரு கிண்ணமும்தான். பின் சக்கரச் செயினுக்குப் புழுதி படாமல் முழு மூடி. 1970களின் நடுவில், தொழில்நுட்பத்தில் தெரிந்தே ஒரு படி பின்னால் போய்ச் செய்த வண்டி இது. 1976இல் பிரேசிலில், அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரில் ஹோண்டா தொழிற்சாலை திறந்தபோது முதலில் செய்தது இதைத்தான். பாகிஸ்தானில் பல ஆண்டுகளாக இதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இனி சீனா. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 1964க்குப் பிறகு, அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் ஒரு பக்கம் என்று பயந்த மாவோ, ஆயுதத் தொழிலைக் கடற்கரையிலிருந்து தள்ளி உள்நாட்டு மலைகளுக்குள் வளர்க்கச் சொன்னார். 'மூன்றாம் அரண்' என்று பெயர். சோங்சிங் நகரமும் அதைச் சுற்றிய மலைகளும் ஆயுத ஆலைகளால் நிறைந்தன. 1978க்குப் பிறகு காற்று மாறியது. ராணுவம் வாங்குவது குறைந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க ஆலைகள் வேறு எதையாவது செய்தாக வேண்டும். துப்பாக்கிக் குழாய் கடைந்தவர்களுக்கு சிலிண்டர் கடைவது ஒரு வித்தையா? ஜியாலிங் என்ற பழைய ஆயுத ஆலை 1979இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. பிறகு ஹோண்டாவோடு கைகோத்தது. சீனா முழுவதும் சிஜி இன்ஜின் பரவியது. உரிமம் பெற்றுச் செய்தவர்களும் உண்டு, பெறாமல் செய்தவர்களும் உண்டு. 1993இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் சீனா ஜப்பானைத் தாண்டிவிட்டது.

இதில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யின் மிங்ஷான், 1938இல் பிறந்தவர். அரசியல் காரணத்துக்காக இளமையின் பெரும்பகுதியை உழைப்புத் தண்டனையில் இழந்தார். வெளியே வந்து ஆங்கிலம் கற்பித்தார், பதிப்பகத்தில் இருந்தார், புத்தக வியாபாரம் செய்தார். நம் இனம். 1992இல், 54 வயதில், சோங்சிங்கில் ஒன்பது பேரை வைத்து ஒரு பட்டறை தொடங்கினார். அதுதான் லிஃபான் கம்பெனி ஆயிற்று. (நான் 54 வயதில் பென்ஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.) பிறகு லிஃபான் கார் செய்யப் போய், கடனில் சிக்கி, 2020இல் நீதிமன்றப் படி ஏறியது தனிக் கதை.

அந்த ஊரில் வேலை நடந்த முறை வேடிக்கையானது. ஒரு கம்பெனி எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பதில்லை. மொத்த அளவுகளை மட்டும் சொல்லும். கார்புரேட்டர்காரர், கிளட்ச்காரர், சிலிண்டர்காரர் எல்லோரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிப் பொருத்திக்கொள்வார்களாம். அதனால் ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் இன்ஜினில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். இன்ஜினின் பெயரே ஜாதகம் மாதிரி. 156 எஃப்எம்ஐ என்றால் 1 சிலிண்டர், 56 மி.மீ. குறுக்களவு, காற்றில் குளிர்வது, மோட்டார் சைக்கிளுக்கானது, 125 சிசி வகுப்பு. மாப்பிள்ளை வண்டியில் இருப்பது 167 எஃப்எம்எம். 67 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. ஓட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 229 சிசிதான் வரும். 250 என்பது வகுப்பின் பெயர். தாத்தாவின் எலும்பு, பேரனின் உடம்பு.

ஹோண்டா சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். 2000ஐ ஒட்டி வியட்நாமில் சீன நகல்கள் பாதி விலைக்கும் கீழே வந்து குவிந்தன. ஹோண்டா 2001இல், தன்னை நகலெடுத்த ஒரு சீனக் கம்பெனியோடேயே கூட்டுச் சேர்ந்தது. மறு வருடம் சீனப் பாகங்களையும் பயன்படுத்தி விலை குறைந்த வேவ் ஆல்ஃபாவை வியட்நாமில் இறக்கியது. சீனாவிலோ பெரிய நகரங்கள் மோட்டார் சைக்கிளையே தடை செய்தன. குவாங்சோவில் 2007 முதல் ஓட்டக் கூடாது. ஆலைகள் வெளிநாட்டைத் தேடின. அப்படித்தான் ஆப்பிரிக்காவில் டாக்ஸி ஓடும் இன்ஜின், அமெரிக்காவில் சனி ஞாயிறு மலையேறுகிறவர்கள் கைக்கும் வந்தது.

இனி ஷெட்டுக்கு வருகிறேன். முதல் ஞாயிறு டேப்பட் சரிசெய்தோம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனை அமுக்க முடிவில் மேலே நிறுத்தி, மூடியைக் கழற்றி, வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே தகடு விட்டுப் பார்ப்பது. இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். ஒரு திருகு, ஒரு லாக் நட், வேலை முடிந்தது. இங்கே கடையில் ஒரு மணி நேரக் கூலியே 100 டாலருக்கு மேல் என்கிறார்.

ஆனால் என் வாய் முழுக்கப் பொய்யும் இல்லை. மூன்றாவது வாரம் மலையிலிருந்து வரும்போது பின் கேரியரின் ஒரு போல்ட்டைக் காணோம். இன்னொன்று பாதி உடைந்து நின்றது. "பார்த்தீர்களா" என்றேன். "இன்ஜினைச் சொல்லாதீங்க மாமா, போல்ட்டைச் சொல்லுங்க" என்றார். சரிதான். நகலெடுக்கும்போது வடிவம் வந்துவிடும். இரும்பின் தரமும் முறுக்கிய கையின் அக்கறையும் கூடவே வருவதில்லை. விடையை மட்டும் பார்த்து எழுதி, வழிமுறை கேட்டபோது விழித்த சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நானும் அவரும் தலை முதல் வால் வரை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, மட்டமானதை மாற்றி, லாக் திரவம் ஒரு சொட்டு வைத்து முடுக்கினோம். வீல் பேரிங்கில் கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. ஸ்போக் கம்பிகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை இழுத்தோம். செயினுக்கு, தாத்தாவுக்கு இருந்த முழு மூடி பேரனுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு மண் பாதைக்குப் பிறகும் துடைத்து எண்ணெய் விடுவது என் பொறுப்பு.

பராமரிக்காதவர்களுக்காக யோசித்த இன்ஜின், தானே பராமரிக்க வேண்டும் என்கிற ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வேலை இல்லாத அந்த மாதங்களில் மெக்கானிக்குக் கொடுக்கக் காசில்லாமல்தான் பெரிய பைக்கை விற்றாராம். இதைச் செயினைத் துடைத்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு நல்ல ஃபீலர் கேஜ் வாங்கி, அவர் டப்பாவில் வைத்தேன்.

தீபாவளி போய்ப் பொங்கலும் வந்தாயிற்று. நாளை ஆயில் மாற்ற வேண்டும். சல்லடையைக் கழுவ மண்ணெண்ணெய் இருக்கிறது. ட்ரெயின் போல்ட்டின் வாஷர்தான் இன்னும் தபாலில் வரவில்லை.