எண்ணிம இரட்டை (உற்பத்தித் துறை)

எண்ணிம இரட்டை அல்லது டிஜிட்டல் இரட்டை என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம், உற்பத்தி வரிசை அல்லது ஆலையுடன் தொடர்ந்து தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் கணினி மாதிரி ஆகும். ஆலையின் முப்பரிமாணப் படத்தையே இப்பெயரால் அழைப்பதும் உண்டு, அது பொருத்தமன்று. அடுத்து நடக்கக்கூடியதைக் கணிக்க, இரட்டையினுள் உருவகப்படுத்தல் மாதிரி ஒன்று தேவை.

உருவகப்படுத்தலின் தேவை

உற்பத்தி வரிசைகளுக்குப் பெரும்பாலும் தனிநிகழ்வு உருவகப்படுத்தல் பயன்படுகிறது. இதில் கணினியின் கடிகாரம், பொருள் வருதல், வேலை முடிதல், இயந்திரம் பழுதடைதல் என ஒரு நிகழ்விலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்கிறது.

சராசரிகளைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால் முடிவு பிழைக்கும். எடுத்துக்காட்டாக, ஓர் இயந்திரத்துக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பொருள் வருகிறது. அதைச் செய்துமுடிக்கச் சராசரியாக 8 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். சராசரிக் கணக்கின்படி எப்பொருளும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வருகை இடைவெளியும் வேலை நேரமும் அடுக்குக்குறிப் பரவலின்படி மாறினால், ஒரு பொருள் சராசரியாக 32 நிமிடம் காத்திருக்கும். வேலை நேரம் 9 நிமிடமானால் காத்திருப்பு 81 நிமிடமாகிவிடும். பல இயந்திரங்களும் பழுதுகளும் சேரும்போது இத்தகைய வாய்பாடுகள் போதா, உருவகப்படுத்தலே வழி.

வரலாறு

1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் எஃகு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கீத் டோச்சர், ஆலைகளுக்கான பொது உருவகப்படுத்தல் நிரலை உருவாக்கினார். 1960களில் நார்வேயில் டாலும் நிகார்டும் சிமுலா மொழியை அமைத்தனர். இரட்டை என்னும் கருத்துருவை மைக்கேல் கிரீவ்சு 2002 இல் முன்வைத்தார். 2010 இல் நாசா ஆவணத்தில் இப்பெயர் இடம்பெற்றது. உற்பத்திக்கான ஐஎஸ்ஓ 23247 சீர்தரம் 2021 இல் வெளியானது.

மாதிரி, நிழல், இரட்டை

2018 இல் வெளியான ஒரு வகைப்பாடு, தரவு செல்லும் திசையை அடிப்படையாகக் கொண்டது. தரவை மனிதர் கையால் உள்ளிட்டால் அது எண்ணிம மாதிரி. ஆலையிலிருந்து தானாக வந்தால் எண்ணிம நிழல். மாதிரியின் முடிவும் தானாக ஆலைக்குத் திரும்பினால்தான் இரட்டை. இவ்வளவுகோலின்படி, இரட்டை எனப்படும் பலவும் நிழல்களே.

சிக்கல்கள்

வழக்கமான உருவகப்படுத்தல் வெற்று ஆலையிலிருந்து தொடங்கலாம். இரட்டை இக்கணத்தின் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். பட்டைக்குறியை வருடாமல் ஒரு தொழிலாளி பெட்டியை நகர்த்தினால், ஆலையில் ஒரு கணக்கும் கணினியில் வேறொரு கணக்கும் இருக்கும். முடிவு தானாகவே ஆலைக்குத் திரும்பும் அமைப்பில், அப்பிழை தவறான வேலை ஆணையாக மாறும். தேய்ந்த கருவி வேலை நேரத்தை நீட்டிக்கும்போது பழைய பரவல்களும் பொருந்தாமற் போகின்றன. ஆகவே மாதிரி கணித்த உற்பத்தியை உண்மை உற்பத்தியுடன் இடையறாது ஒப்பிட்டு, அளவுருக்களைத் திருத்த வேண்டியுள்ளது.