காணாமற்போன மகனும் கல்லில் பொறித்த சொல்லும்

போர்க்களத்தில் ஒரு வீரனின் உடலும் கிடைக்காமல், அவன் பகைவரிடம் சிறைப்பட்டான் என்ற செய்தியும் வாராதபோது, படைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'காணாமற்போனவர்' என்று எழுதப்படுகிறது. இறந்தவர் என்று துணிந்தால் ஈமக்கடன் செய்யலாம். சிறைப்பட்டவர் என்று தெரிந்தால் மீள்வார் என்று காத்திருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடங்கொடாத இந்த ஒரு சொல், பெற்றோரை ஆண்டுக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைத்துவிடுகிறது.

முதல் உலகப் போரில், வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்க ஊராகிய லூஸ் அருகே 1915 செப்டம்பர் 25 அன்று பிரிட்டிஷ் படைகள் தொடங்கிய தாக்குதலின் மூன்றாம் நாளில், ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் இளம் அதிகாரி ஜான் கிப்ளிங் காணாமற்போனார். அவருக்கு 18 வயது நிறைந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. கண்ணாடியின்றித் தெளிவாகப் பார்க்க இயலாத அவரைப் படை முதலில் ஏற்கவில்லை. பம்பாயில் பிறந்து 1907இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளரான தந்தை ருட்யார்ட் கிப்ளிங், தம் நண்பர் ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி மகனுக்கு அப்பதவியைப் பெற்றுத்தந்தார். தந்தையின் பிற்காலப் பணியை, இந்தப் பரிந்துரையை மறந்துவிட்டு எடைபோடுவது சரியாகாது. களத்திலிருந்து மீண்ட வீரர்களைப் பெற்றோர் தேடிச்சென்று விசாரித்தனர். ஜெர்மானியர் எல்லைக்குள் விமானத்திலிருந்து துண்டறிக்கைகளும் வீசப்பட்டன. பயன் கிட்டவில்லை.

பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பேணுவதற்காக 1917இல் அமைந்த ஆணையத்தில் கிப்ளிங் உறுப்பினரானார். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும், செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவுக் கல் என்பது அவ்வாணையத்தின் கொள்கை. ஏறத்தாழ 81 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட அந்தக் கற்களின் வரிசையில் பதவியால் எவர் தலையும் உயர்ந்து நிற்பதில்லை. பெயர் தெரியாத உடலுக்கு நடும் கல்லில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு, 'இறைவன் இவரை அறிவான்' என்று பொருள்படும் தொடரைத் தந்தவர் கிப்ளிங்கே. தம் மகனும் அத்தகைய ஒரு கல்லின் கீழ் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இல்லாமல் அத்தொடர் பிறந்திருக்குமென்று கருத இயலவில்லை.

லூஸுக்குச் சற்று வடக்கே நேவ் ஷாப்பேல் என்னும் ஊரில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்களின், தொழிலாளர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டபோது, கிப்ளிங்கும் அங்கே இருந்தார். இமயமலையின் கர்வால் பகுதிச் சிற்றூர்களில் அவ்வீரர்களுள் சிலருக்காகக் காத்திருந்த தாய்மார் பலர் அக்கல்லைக் கண்டிருக்க வாய்ப்பேயில்லை. காணாமற்போனவரை நினைவுகூர்வதில் பெரும்புகழ் உடைய வீட்டுக்கும் பெயரறியா வீட்டுக்கும் இருந்த இந்த இடைவெளியைப் பேசாமல் விடுவது நேர்மையன்று.

கிப்ளிங் 1936இல் மறைந்தார். 1992இல், லூஸ் களத்துக்கு அருகே ஐன் சிற்றூரின் எல்லையில் உள்ள செயின்ட் மேரி கல்லறைத்தோட்டத்தில், பெயர் தெரியாத ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் கல்லறையை ஜானுடையது என ஆணையம் அறிவித்தது. காணாமற்போன நாளில் அவர் எந்தப் பதவிச் சின்னம் அணிந்திருந்தார், உடல் கண்டெடுக்கப்பட்ட இடம் எது என்று ஆய்வாளர் சிலர் வாதிட்டபோதும், ஆணையம் தன் முடிவை மாற்றவில்லை. அம்முடிவு சரியெனின், பெயர் பொறிக்கும்வரை பல பத்தாண்டுகளாக ஜானின் தலைமாட்டில் நின்ற கல்லில் இருந்தவை தந்தை தேர்ந்தெடுத்த சொற்களே.